பழைய அம்பாசடர் வாங்கியாச்சா? ரோட்டுல இறக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கார் மீதான ஆசை இன்னும் குறையவில்லை. பளபள பெயிண்டைப் பார்த்து வாங்கிய காரில், உள்ளே துரு இருந்தால்? எப்படிக் கண்டுபிடிப்பது?

துரு ஏன் ஆபத்து?

லாரி மாதிரி அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. அடித்தகடு அரித்துப்போனால் காரின் பலமே போச்சு.

எங்கே பார்க்கணும்?

* மேட்டைத் தூக்கி, ஈரமோ ஓட்டையோ இருக்கிறதா பாருங்க.
* கதவுக்குக் கீழ்ப்பகுதி, டிக்கியின் அடித்தளம், சக்கரத்துக்கு மேல் வளைவு: இங்கெல்லாம் துணி சுற்றிய காந்தத்தை வையுங்க. ஒட்டவில்லையா? பெயிண்டுக்குள்ளே பட்டி பூசியிருக்கலாம்.

பிரேக் எப்படி?

கார் நிற்கும்போதே பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்க. மெல்ல கீழே இறங்கினால் எங்கோ கசிவு என்று அர்த்தம். சரிசெய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

இன்ஜின் சொல்லும் சேதி

* நீலப் புகை: ஆயில் எரிகிறது.
* கறுப்புப் புகை: பெட்ரோல் அதிகம் போகிறது.
* சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை: ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

டயரில் கட்டன் தேய்மானம் மட்டும் போதாது. பக்கவாட்டில் 2319 என்றிருந்தால், 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது.

செலவை எதில் தொடங்குவது? முதலில் பிரேக், டயர். அடுத்து துரு, இன்ஜின். பெயிண்ட் கடைசியில்தான்!