உலகங்கள் கூடிய கதை

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் என்னும் ஊர்ப்பெயரில், மூங்கிலைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லும் சிற்றூரைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லும் கூடி நிற்கின்றன. வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இக்கூட்டு புதிதன்று. சித்திரக்கதை வரலாற்றிலும் இத்தகைய கூட்டு ஒன்று உண்டு.

அமெரிக்க நாளிதழ்களில் 1934இல் விண்வெளி வீரர் ஃபிளாஷ் கார்டனும் மந்திரவாதி மாண்ட்ரேக்கும் தோன்றினர். 1936இல், நாம் வேதாளர் என்றும் மாயாவி என்றும் அறிந்த முகமூடி வீரர் வந்தார். மூவரையும் வெளியிட்டது கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனமே. எனினும் மூவரும் தனித்தனி உலகினர். பின்னவர் இருவரையும் படைத்தவர் லீ ஃபாக் ஒருவரே. ஆகவே 1977இல் வேதாளர் திருமணத்திற்கு மாண்ட்ரேக் விருந்தினராக வந்தார்.

1986இல் வெளிவந்த ‘டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் மூவரையும் ஓரணியாக்கியது. மறு ஆண்டே மார்வெல் நிறுவனம் அதனை நான்கு இதழ்ச் சித்திரக்கதையாக்கியது. கதை நிகழும் ஆண்டு 2015. பகைவன், மோங்கோ கோளின் கொடுங்கோலன் மிங்.

விருந்தினராய் வந்தபோது எவரும் மாறவில்லை. ஒரே வீட்டினரானபோதோ, 21ஆம் தலைமுறை வேதாளர் 27ஆம் தலைமுறையினர் ஆக நேர்ந்தது. ஆயினும் முகமூடி நீங்கவில்லை. வீரர்தம் பிள்ளைகளும் உடன் போரிட்டனர். பெற்றோர் கூடியது பகைவனை எதிர்க்க. பிள்ளைகளுக்கோ அக்கூட்டே வளரும் வீடு.