காடி என்ற பெயரில் ஒரு திராவகம்

மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாற்றில் கப்பலும் கங்காணியும் விரிவாகப் பேசப்படுகின்றனர். பாலை உறையச் செய்த திராவகமோ ஓரிரு வரிகளில் மறைந்துவிடுகிறது. அதை நாள்தோறும் கையாண்டவர்கள் தொழிலாளர்கள். ஆதலின் அதன் வரலாறு அறியத்தக்கது.

மரப்பால் தானே புளித்து உறையக் காலம் பிடிக்கும், நாற்றமும் எடுக்கும். புளிப்புப் பொருள் சேர்த்தால் விரைவில் ஒழுங்காக உறையும். இலங்கையில் 1898, 1899ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்த ஜான் பார்க்கின், அசெட்டிக் திராவகத்தால் பாலை உறைய வைக்கும் முறையை வகுத்தார். காடிக்குப் புளிப்பைத் தருவதும் அத்திராவகமே.

பின்னர்த் தோட்டங்களில் பார்மிக் திராவகம் பரவியது. குறைந்த அளவே போதுமாதலால் செலவு மிச்சமாயிற்று. எறும்பிலிருந்து முதலில் வடிக்கப்பட்டதால், இலத்தீனில் எறும்பைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

பொருள் மாறிற்று, ஆயினும் மலாய் மொழியில் இன்றும் அதனைச் 'சுக்கா கெத்தா', அதாவது ரப்பர்க் காடி என்றே அழைக்கின்றனர். இப்பெயரில்தான் ஆபத்து ஒளிந்துள்ளது. சமையற் காடியில் திராவகம் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கே. தோட்டத்துக்கு வரும் பார்மிக் கலனிலோ பெரும்பாலும் 85 பங்குக்கு மேல். இயல்பிலேயே அது அசெட்டிக்கைவிடச் சுமார் 10 மடங்கு வலியது. தோலை வெந்து புண்ணாக்கும். அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். விழுங்கினால் தொண்டையைப் பொசுக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாலில் ஊற்றுமுன் அதை மிகவும் நீர்த்துவிடுவர். ஆகவே பெருங்கேடு உறைதொட்டியில் அன்று. கலனைச் சாய்த்து நீரில் கலக்கும் வேளையிலேயே உள்ளது.

மலேசியாவில் 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளருக்கு விளக்கமும் பயிற்சியும் அளிக்கும் கடமையை முதலாளிமீது வைத்தது. 2013ஆம் ஆண்டு விதிகள் கலன்களில் எச்சரிக்கைச் சீட்டைக் கட்டாயமாக்கின. கையின்மீது திராவகம் சொட்டி அரிப்பதைக் காட்டும் படமும் அதில் உண்டு. பெயர் மறைத்த உண்மையை எழுத்தறியாதவருக்கும் அப்படம் சொல்லுகிறது.

ஆனால் திராவகத்தைப் பானப் புட்டியில் ஊற்றி வைத்தால் படமும் போயிற்று, சட்டத்தின் பயனும் போயிற்று. ஆகவே மூன்று செய்திகள் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லத்தக்கன: திராவகத்தை நீரில் ஊற்றுக, நீரைத் திராவகத்தில் ஊற்றற்க, மேலே பட்டால் நனைந்த ஆடையைக் களைந்து, ஓடும் நீரில் 20 நிமிடமேனும் கழுவிய பின்னரே மருத்துவரிடம் செல்க, உண்கலத்திலும் பானப் புட்டியிலும் அதனை ஒருபோதும் வைக்கற்க.