சென்னைக்கு ஈடாக லூயிஸ்பர்க்

1748 அக்டோபரில், இன்றைய ஜெர்மனியின் ஆகன் நகரில், ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரை முடித்துவைக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. 1746இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை அதன்படி ஆங்கிலேயருக்குத் திரும்பியது. பதிலுக்கு, 1745இல் நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் பிரிட்டிஷ் கடற்படையின் துணையோடு பிடித்திருந்த லூயிஸ்பர்க் கோட்டை பிரான்சுக்குப் போனது. அது இருப்பதோ கனடாவின் கேப் பிரெட்டன் தீவில். சோழமண்டலக் கரையையும் வட அட்லாண்டிக் கரையையும் ஒரே தராசில் நிறுத்த ஐரோப்பிய அமைச்சர்களால் முடிந்தது என்பதே போரை உலக அளவில் வைத்துப் படிக்கப் போதுமான காரணம். ஆனால் வரலாற்றாசிரியர்கள் பலர் போரைக் கடல் கடந்து துரத்திச் செல்கிறார்கள், சமாதானத்தை மட்டும் ஐரோப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். பாதி வேலைதான் அது. ஓர் உடன்படிக்கை எங்கே யாருக்கு அமைதி தந்தது என்பதையும் அதே சிரத்தையோடு தேடியாக வேண்டும்.

தேடினால் 1749 கண்ணில் படும். ஆனால் கதை 1746இலேயே தொடங்குகிறது. சென்னை வீழ்ந்தபோது அதைத் தன்னிடம் ஒப்படைப்பதாகப் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே சொன்னதை நம்பி ஏமாந்தவர் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான். அவர் மகன் மாபூஸ் கானின் பெரும்படையை, புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படைத்தலைவர் பாரடியின் சிறுபடை அடையாற்றங்கரையில் சிதறடித்தது. பயிற்சி பெற்ற காலாட்படை எவ்வளவு மதிப்புள்ள சரக்கு என்று ஆங்கில, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிகள் இரண்டுக்கும் அன்று புரிந்தது. பிறகு ஐரோப்பாவில் சமாதானம் வந்தது. அந்தப் படைகள் கலையவில்லை, செலவும் குறையவில்லை. ஆங்கிலேயர் தஞ்சை அரியணைத் தகராறில் புகுந்து தேவிக்கோட்டையைப் பிடித்தார்கள். பிரெஞ்சுக்காரர், அன்வருதீனுக்கு எதிராக நவாப் பதவி கோரிய சந்தா சாகிப்புக்குத் துணை நின்றார்கள். ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். உடன்படிக்கைப்படி சென்னைக் கோட்டை கைமாறியது அதற்கு ஒரு மாதத்துக்குள்தான். மறுகோடியிலும் கதை வேறல்ல. லூயிஸ்பர்க்கை இழந்த பிரிட்டன் அதற்கு எதிர்வலுவாக அதே 1749இல் ஹாலிஃபாக்ஸ் நகரை நிறுவியது, மிக்மாக் பழங்குடியினரின் மண்ணில், அவர்களைக் கேட்காமலே. அங்கும் போர் மூண்டு ஆண்டுக்கணக்கில் நீண்டது. நவாபோ மிக்மாக் மக்களோ ஆகனில் கையெழுத்திட்டவர்கள் அல்லர்.

1749இல் மூண்ட இந்தக் கர்நாடகப் போரின் வேர் உள்ளூரில்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1748இல் ஐதராபாத் நிஜாம் இறந்ததும், மராத்தியரிடம் சிறைப்பட்டிருந்த சந்தா சாகிப் விடுதலையானதும் ஆகனுக்குக் கட்டுப்பட்ட நிகழ்ச்சிகள் அல்ல. எல்லாவற்றையும் ஐரோப்பியப் போரின் கிளையாகக் காட்டினால், இங்குள்ளவர்களின் ஆசையும் கணக்கும் காணாமல் போகும். ஆயினும் வாரிசுச் சண்டைகள் தக்காணத்துக்குப் புதியவை அல்ல. புதிது, விலைக்கோ நிலத்துக்கோ கிடைக்கத் தயாராக நின்ற கம்பெனிப் படை. சண்டைக்குக் காரணம் உள்ளூரில் பிறந்தது, அதன் வலிமை கடல் வழியே வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் உலகப் பார்வை. பிரதேசம் பிரதேசமாக வெட்டிய வரலாறுகளை இணைத்துப் படிக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் சஞ்சய் சுப்ரமணியம் வாதிட்டதையும் நான் இப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: உலகெங்கும் பரவிக் கிடக்கும் ஆவணங்கள் கம்பெனிகளும் அமைச்சகங்களும் எழுதியவை, அவற்றைத் தொடர்ந்தால் அவர்களின் உலகமே நமக்கும் உலகமாகிவிடும். உண்மைதான், மிக்மாக் தரப்பில் இந்தக் குறை ஆழமாகவே உள்ளது. ஆனால் சோழமண்டலத்தில் நமக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறார். டூப்ளேயின் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான, அவர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில், கப்பல் வரத்தும் வணிகமும் நவாபின் தூதும் கவர்னரோடு நடந்த பேச்சும் அடுத்தடுத்து வருகின்றன. அவர் நடுநிலையாளர் அல்லர். பிரெஞ்சுத் தரப்பின் ஏற்றத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அதனாலேயே அவர் அரிய சாட்சி. போர் என்றும் சமாதானம் என்றும் ஐரோப்பா பிரித்துவைத்த ஆண்டுகளை, ஆள் பிடிப்பதும் கடன் கொடுப்பதும் சந்தேகிப்பதுமாக ஓயாமல் ஓடிய ஒரே காலமாக அந்தப் பக்கங்களில் படிக்கிறோம்.