தூரிகை வளர்த்த எழுதுகோல்

எமிலி ஜோலா என்றதும் தமிழ் வாசகர்க்கு முதலில் நினைவுக்கு வருவது டிரைபஸ் வழக்கு. செய்யாத குற்றத்துக்காகத் தீவுச் சிறையில் வாடிய படையதிகாரி ஒருவருக்காக, 1898ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 13ஆம் நாள் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிய வீரர் அவர். அறிஞர் அண்ணா அவரை 'ஏழை பங்காளர்' என்றே தமிழருக்கு அறிமுகம் செய்து வைத்தார். ஆனால், அந்த எழுதுகோல் எங்கே பயிற்சி பெற்றது என்று ஆராயப் புகுந்தால், நூலகத்துக்குப் போவதற்கு முன் ஓவியர் கூடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. உலகைப் பார்க்கும் கண்ணை ஓவியரிடமிருந்து பெற்றவர் ஜோலா. அதே ஓவியரைப் பிற்காலத்தில் தவறான கோலால் அளந்தவரும் அவரே. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் நாவல்களின் வரலாறு முழுமை பெறும்.

ஒரு கூடை ஆப்பிள்

ஜோலா 1840இல் பாரிசில் பிறந்தார். தந்தையார் இத்தாலியில் பிறந்த பொறியியலாளர். தென் பிரான்சிலுள்ள ஏக்ஸ் நகருக்கு நீர் கொண்டு வரும் திட்டத்தை மேற்கொண்டு, குடும்பத்தோடு அங்கே குடியேறினார். 1847இல் அவர் இறந்துவிடவே, குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. 1852இல் அவ்வூர்ப் பள்ளியில் சேர்ந்த சிறுவன் ஜோலாவைச் சக மாணவர்கள் அயலான் என்று எள்ளி நகையாடினர். அவனுக்குத் துணையாக நின்றவன் ஒரு வயது மூத்தவனான பால் செசான். வங்கி முதலாளி ஒருவரின் மகன். துணை நின்றதற்காகச் செசான் உதை வாங்கினான் என்றும், மறுநாள் ஜோலா அவனுக்கு ஒரு கூடை ஆப்பிள் கொண்டு வந்து கொடுத்தான் என்றும் சொல்வர். முதுமையில் செசானே கூறியதாக வழங்கும் செய்தி இது. ஆப்பிள்களை வரைந்தே உலகப் புகழ் பெற்றவர் செசான் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

1858இல் ஜோலா பாரிசுக்குச் சென்றார். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்பது செசானின் தந்தையார் விருப்பம். ஜோலாவோ கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, ஓவியனாகப் பாரிசுக்கு வா என்று நண்பரை வற்புறுத்தினார். 1861இல் செசான் பாரிஸ் வந்து சேர்ந்தார்.

நகைத்த கூட்டமும் எழுந்த குரலும்

அந்நாளில் ஓர் ஓவியனின் வாழ்வும் தாழ்வும் அரசுக் கண்காட்சியின் தேர்வுக் குழுவினர் கையில் இருந்தன. 1863இல் அவர்கள் எண்ணற்ற படங்களைத் தள்ளிவிடவே, பெருங்கூச்சல் எழுந்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன், தள்ளப்பட்ட படங்களைத் தனியே காட்சிக்கு வைக்கும்படி ஆணையிட்டார். அங்கே எடுவார்ட் மானே வரைந்த 'புல்வெளி விருந்து' என்ற படத்தைப் பார்த்து மக்கள் கைகொட்டிச் சிரித்தனர். ஜோலாவும் செசானும் அக்காட்சியை நேரில் கண்டனர்.

மூன்றாண்டு கழித்து, 26 வயதில், ஜோலா நாளேடு ஒன்றில் மானேக்காக வாதாடினார். வாசகர்கள் சினந்து கண்டனம் எழுதினர். கட்டுரைத் தொடர் பாதியில் நின்றது. ஜோலா அஞ்சவில்லை. அக்கட்டுரைகளைச் சிறு நூலாக்கிச் செசானுக்குக் காணிக்கையாக்கினார். நன்றி மறவாத மானே 1868இல் ஜோலாவின் உருவப்படத்தைத் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். மேசையருகே ஜோலா அமர்ந்திருக்கிறார். சுவரில் ஜப்பானியப் படம். மேசைமேல் மானேயைப் பற்றி அவர் எழுதிய நூல். பாரிசிலுள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் இன்றும் அதைக் காணலாம்.

இந்தப் போராட்டத்தில் ஜோலா கற்றுக்கொண்டவை இரண்டு. ஒன்று, கலைக்கு உயர்ந்த பொருள், தாழ்ந்த பொருள் என்ற வேற்றுமை இல்லை என்பது. தேவரையும் மன்னரையும் விட்டு, தம் காலத்துத் தெரு மாந்தரை மானே வரைந்தார். சலவைப் பெண்ணையும் சுரங்கத் தொழிலாளியையும் ஜோலா நாவலின் தலைமக்கள் ஆக்கினார். மற்றொன்று, ஒளி மாறினால் பொருளே மாறிவிடுகிறது என்பது.

சொல்லால் தீட்டிய படங்கள்

1873இல் வெளிவந்த 'பாரிசின் வயிறு' என்ற நாவல் மாநகரின் பெரிய சந்தையைப் பற்றியது. விடியற்காலையில் காய்கறிக் குவியல்கள் மெல்ல மெல்ல நிறம் பெறுவதைப் பக்கம் பக்கமாக ஜோலா தீட்டுகிறார். குளோட் லான்தியே என்ற இளம் ஓவியன் அந்த வண்ணங்களைக் கண்டு ஆனந்தக் கூத்தாடுகிறான். அவன் அருகே நிற்கும் புளோரானோ சிறைத் தீவிலிருந்து தப்பி வந்தவன், பசியால் துடிப்பவன். ஒருவன் கண்ணுக்கு விருந்தாகும் முட்டைக்கோசு மற்றவன் வயிற்றுக்கு வேதனையாகிறது. ஓவியரிடம் வண்ணத்தைக் கடன் வாங்கிய ஜோலா, ஓவியம் சொல்லாமல் விட்ட பசியையும் அதனுடன் சேர்த்தார். அவரது தனித்திறன் இங்கேதான் இருக்கிறது.

1878இல் வந்த 'காதலின் ஒரு பக்கம்' ஐந்து பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும், மேட்டு நிலத்திலிருந்து பார்க்கும் பாரிஸ் மாநகர் விரிகிறது. காலை மூடுபனியில் ஒரு முறை, மாலை வெயிலில் ஒரு முறை, பின்னர் இரவில், புயல் மழையில், வெண்பனியில் என ஒரே நகரம் ஐந்து கோலம் கொள்கிறது. குளோட் மோனே என்ற ஓவியர் வைக்கோற்போர்களையும் ரூவான் தேவாலயத்தையும் வெவ்வேறு ஒளியில் வரிசை வரிசையாக வரைந்தது 1890ஆம் ஆண்டை ஒட்டியும் அதன் பின்னருமே. இதில் நாவலாசிரியர் ஓவியரை முந்திக்கொண்டார் எனலாம். அதே மோனே 1877இல் காட்சிக்கு வைத்த புகைவண்டி நிலையப் படங்களை ஜோலா பாராட்டி எழுதினார். அந்நிலையமே 1890இல் வந்த 'மனித விலங்கு' நாவலின் முதற்காட்சியாக அமைந்தது.

தவறிய அளவுகோல்

1871 முதல் 1893 வரை, ஒரே குடும்பத்தின் கிளைகளைப் பற்றி 20 நாவல்களை எழுதி முடித்தவர் ஜோலா. நாள்தோறும் தவறாமல் எழுதுவது, தொடங்கியதை முடிப்பது, அடுத்ததைத் தொடங்குவது என்பதே அவர் வாழ்க்கை. செசானோ வரைந்ததைச் சுரண்டிவிட்டு மீண்டும் வரைபவர். ஓவிய வணிகர் வொல்லாரை நூறு முறைக்கு மேல் எதிரே அமர்த்தி வரைந்தும், அப்படம் முற்றுப் பெற்றதாக அவர் கருதவில்லை.

ஓவிய நண்பர்களிடையே தலைசிறந்த ஒரு முழுப்படைப்பு தோன்றவில்லையே என்று 1880இலேயே ஜோலா குறைப்பட்டார். 1886இல் 'படைப்பு' என்ற நாவலை வெளியிட்டார். சந்தையில் நாம் கண்ட குளோட் லான்தியேதான் இதன் தலைவன். பாரிஸ் நகரைப் பெரும்படமாக வரைய முனைந்து ஆண்டாண்டுக் காலம் போராடுகிறான். இறந்து கிடக்கும் தன் குழந்தையைக்கூடப் படமாக வரைகிறான். கடைசியில் முடியாத படத்தின் முன்னே தூக்கிட்டு மடிகிறான். அவன் நண்பனான நாவலாசிரியன் சாந்தோஸ், அவனை அடக்கம் செய்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்புகிறான். சாந்தோஸ் ஜோலாவே. குளோட்டிடம் மானேயின் சாயலும், ஜோலாவின் மனவேதனையும்கூட உண்டு. ஆயினும் அவன் இளமைக் காலம் செசானுடையது என்பதை நண்பர் அனைவரும் உணர்ந்தனர். பகைவர்கள் இந்நூலை எங்கள்மேல் ஆயுதமாக ஏவுவார்களே என்று மோனே அஞ்சி எழுதினார். செசான் நன்றி கூறிச் சுருக்கமான மடல் ஒன்றை ஏப்ரல் 4ஆம் நாள் அனுப்பினார்.

அதுவே இருவரிடையே சென்ற கடைசிக் கடிதம், நாவல் நட்பைக் கொன்றது என்று பல பத்தாண்டுகளாக வரலாறு எழுதப்பட்டு வந்தது. ஆனால் 1887 நவம்பர் 28ஆம் நாளிட்ட செசானின் மடல் ஒன்று 2013இல் ஏலத்துக்கு வந்தது. ஜோலா அனுப்பிய அடுத்த நாவலுக்கு நன்றி கூறி, நேரில் வந்து காண்பதாகவும் அதில் எழுதியிருக்கிறார். ஒரு தாள் கிடைத்ததும் ஒரு முடிவைத் திருத்த வேண்டியதாயிற்று. நட்பு ஒரே நாளில் முறியவில்லை. மெல்லத் தேய்ந்தது என்று கொள்வதே பொருத்தம்.

தேயாதது ஜோலாவின் தீர்ப்பு ஒன்றே. 1895இன் இறுதியில் வொல்லார் செசானின் முதல் தனிக் கண்காட்சியை நடத்தினார். இளம் ஓவியர் வியந்தனர். அதன் பின்னும், 1896இல், முழுமை எய்தாத மேதை என்றே ஜோலா நண்பரைக் குறிப்பிட்டார். நாவலுக்குக் கடைசி அத்தியாயம் உண்டு. செசான் தேடிய ஓவியத்துக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. இதை ஜோலா காணவில்லை. முன்பின் அறியாத டிரைபசுக்காக நீதி கேட்டவர், உடன் பயின்ற தோழனுக்குத் தீர்ப்பு எழுத அவசரப்பட்டார்.

1902 செப்டம்பரில், அடைபட்ட புகைபோக்கியால் நச்சுக் காற்று அறையில் நிறைந்து ஜோலா இறந்தார். செய்தி கேட்ட செசான் அழுதுகொண்டே தம் கூடத்தில் அடைந்துகொண்டார் என்பர். 1906இல் ஏக்ஸ் நூலகத்தில் ஜோலாவின் மார்பளவுச் சிலை திறக்கப்பட்டபோதும் அந்த முதியவர் கண்ணீர் விட்டார். அவ்வாண்டு அக்டோபரில் வெளியில் படம் வரைந்துகொண்டிருந்தவர் மழையில் நனைந்து, சில நாளில் மறைந்தார். அடுத்த ஆண்டு பாரிசில் நடந்த நினைவுக் கண்காட்சியில், முடியாதவை என்று ஒதுக்கப்பட்ட அப்படங்களிலிருந்தே இருபதாம் நூற்றாண்டு ஓவியர் தங்கள் பாடத்தைத் தொடங்கினர்.

ஓவியம் ஜோலாவுக்கு ஒளியைத் தந்தது. அவர் நாவல்களும் அதனால் வாழ்கின்றன. அவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் அருகிலிருந்த ஒருவரின் வளர்ச்சி தெரியாமற்போயிற்று. முற்றுப் பெறாத ஒன்றைத் தோல்வி என்று எழுதப் புகுமுன் சற்றுக் காத்திருப்பது நல்லது என்பதற்கு அந்நட்பே சான்று.