கிரனடாவைக் கண்ட கண்கள் தமிழகத்தில் கண்டவை

அந்தலூசியா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் உள்ளம் கனத்துவிடுகிறது. கி.பி. 711இல் தாரிக் பின் ஸியாத் கடல் கடந்து சென்றது முதல் 1492இல் கிரனடா கைமாறியது வரை ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் அங்கே பாங்கொலி முழங்கியது. குர்துபாவின் பெரிய பள்ளிவாசல் 1236இல் தேவாலயமாக்கப்பட்டதை நினைத்து நாம் பெருமூச்சு விடுகிறோம். வசதி வாய்த்தோர் அந்நகரங்களைத் தேடிச் சென்று, அல்ஹம்ராவின் முற்றங்களில் நின்று கலங்கித் திரும்புகின்றனர்.

அவ்வாறு அந்நகரங்களைச் சுற்றிப் பார்த்து எழுதியவர்களுள் ஒருவர் நம் தமிழகத்துக்கும் வந்திருக்கிறார். அவர்தாம் இப்னு பதூதா (ரஹ்). அவர் அந்தலூசியாவைப் பற்றிச் சொன்னதை ஆவலுடன் படிக்கும் நாம், திருச்சியையும் திருவரங்கத்தையும் அடுத்த நிலப்பகுதியைப் பற்றி அவர் எழுதியதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அதைக் கண்டுகொள்வது இன்று நமக்கு அவசியமாகிறது.

தனியே புறப்பட்டவர்

மொராக்கோவின் தஞ்சை நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, 1325இல் ஹஜ்ஜை நாடி வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. வழித்துணை எவருமின்றித் தனியே கிளம்பியதாக அவரே பதிவு செய்துள்ளார். அன்று புறப்பட்டவர் மக்கா, பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கா, தில்லி, மாலத்தீவு, இலங்கை, சீனா என்று சுற்றி, 1349இல்தான் தாயகம் மீண்டார். ஊர் வந்தபோது அவருடைய தாயார் கொள்ளைநோயில் வஃபாத்தாகியிருந்தார்.

அடுத்த ஆண்டிலேயே அவர் அந்தலூசியாவுக்குக் கப்பலேறினார். குர்துபாவும் இஷ்பீலியாவும் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தன. எஞ்சியிருந்தது கிரனடா அரசு மட்டுமே. ஜிப்ரால்டர், ரோந்தா, மர்பெல்லா, மாலகா வழியாக அவர் சென்றார். மர்பெல்லாவிலிருந்து மாலகா செல்லும் வழியில் அவருக்கு முன்னே சென்ற குதிரைவீரர்களை எதிரிகள் தாக்கிச் சிறைபிடித்தனர். சற்றுப் பின்தங்கியதால் இவர் தப்பினார். மாலகாவை அடைந்தபோது, அவ்வூர்க் காழி பெரிய பள்ளிவாசலில் அமர்ந்து, சிறைப்பட்டவர்களை மீட்கப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். அந்நகரின் திராட்சையையும் மாதுளையையும், தூர தேசங்களுக்கு ஏற்றுமதியான பொன்மெருகுப் பாண்டங்களையும் இவர் வியந்து பேசுகிறார்.

கிரனடாவில் சுல்தான் யூசுஃப் நோயுற்றிருந்ததால் சந்திப்பு நிகழவில்லை. சுல்தானின் தாயார் பொற்காசுகள் அனுப்பி உபசரித்தார். அந்நகரில் குடியேறியிருந்த ஃபகீர்களைக் குறிப்பிடுகையில், ஸமர்கந்து, தப்ரீஸ், கூனியா ஆகிய ஊர்களைச் சேர்ந்தோருடன் இந்தியாவிலிருந்து வந்த இருவரும் இருந்தனர் என்கிறார். அங்கே ஒரு தோட்டத்தில் இவர் சொன்ன பயணக் கதைகளைக் கேட்டவர்களுள் இப்னு ஜுஸய் என்ற இளம் எழுத்தாளரும் ஒருவர். பின்னாளில் ஃபாஸ் நகர அரசவையில் இருந்தபோது அவர்தாம் இப்னு பதூதா சொல்லச் சொல்ல எழுதி, 1355இல் அந்நூலை நிறைவு செய்தார். தமிழகத்தைப் பற்றிய செய்திகளும் அவர் கையெழுத்தாலேயே நமக்கு வந்து சேர்ந்தன.

மஅபர் என்ற நம் மண்

அரபுகள் நம் கடற்கரையை மஅபர் என்று அழைத்தனர். 1335இல் தில்லியிலிருந்து பிரிந்து மதுரையில் ஒரு சுல்தானிய அரசு எழுந்தது. அதன் ஆயுள் நாற்பது ஆண்டுகளைச் சற்றே தாண்டியது. இலங்கையிலிருந்து வந்த கப்பல் சேதமுற்று இப்னு பதூதா தமிழகக் கரை சேர்ந்தபோது, கியாஸுத்தீன் தாமகானி ஆட்சியில் இருந்தார். அவர் இப்னு பதூதாவுக்குச் சகலை முறை. இருவரும் மதுரை அரசை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் புதல்வியரை மணந்தவர்கள். ஆகவே, வந்தவர் அரசரின் விருந்தாளியாகவும் உறவினராகவும் இருந்தார்.

அவர் பதிவு செய்த செய்திகளுள் ஒன்று திருச்சிப் பகுதியைச் சார்ந்தது. போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் பெரும்படையுடன் வந்து, மதுரை சுல்தானுக்குச் சொந்தமான ஒரு கோட்டையை முற்றுகையிட்டார். அக்கோட்டையை ஆய்வாளர்கள் கண்ணனூர்க் கொப்பம் என அடையாளம் காண்கின்றனர். திருவரங்கத்துக்கு வடக்கே, இன்றைய சமயபுரத்தை ஒட்டிய ஊர் அது. முற்றுகையிட்ட வல்லாளரின் படையில் ஏறத்தாழ 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்று இப்னு பதூதா எழுதுகிறார். அவர்களைத் தப்பியோடிய அடிமைகள், குற்றவாளிகள் என்று அவர் இகழ்ந்தாலும், அந்த எண்ணிக்கை நம் கவனத்துக்குரியது. அது இரு அரசுகளுக்கிடையே நடந்த போர். இரு பக்கமும் முஸ்லிம்கள் நின்றனர்.

கோட்டையில் உணவு தீரும் தறுவாயில் பதினான்கு நாள் தவணை கிடைத்தது. அந்த இடைவெளியில் மதுரைப் படை விரைந்து வந்து, நண்பகல் ஓய்வில் இருந்த போசளப் பாசறையைத் தாக்கி வென்றது. எண்பது வயதை எட்டிய வல்லாளர் பிடிபட்டார். விடுதலை செய்வதாக நம்பவைத்து அவருடைய செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்ட சுல்தான், பின்னர் அவரைக் கொன்று தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். அதைத் தம் கண்ணால் கண்டதாக இப்னு பதூதா கூறுகிறார்.

முகத்தைத் திருப்பிக்கொண்ட காழி

இதைவிடக் கொடிய காட்சிகளையும் அவர் விவரிக்கிறார். காட்டை வெட்டிப் பாதை அமைத்து முன்னேறிய படை, வழியில் அகப்பட்ட மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் பிடித்துவந்து மறுநாள் காலையில் கழுவேற்றியது. ஒருநாள் சுல்தானின் வலப்புறம் காழியும் இடப்புறம் இப்னு பதூதாவும் அமர்ந்து உணவருந்திக்கொண்டிருந்தனர். அப்போது ஓர் ஆடவனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டனர். மூவரையும் வெட்டுமாறு சுல்தான் சைகை செய்ய, இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன.

வேறெந்த அரசரிடமும் தாம் கண்டிராத இழிசெயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் இப்னு பதூதா தீர்ப்பளிக்கிறார். சிறிது காலத்தில் மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானின் தாயாரும் மகனும் மாண்டனர். பின் சுல்தானும் மாண்டார்.

போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். தீமையைக் கையால் தடுக்கவேண்டும், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுக்கவேண்டும், அது ஈமானின் மிகப் பலவீனமான நிலை என்றும் கற்பித்தார்கள். அன்று அந்தப் பந்தியில் இப்னு பதூதா நின்றது அந்தக் கடைசி நிலையில்தான். அவர் குறையற்றவரும் அல்லர். அதே சுல்தானுடன் சேர்ந்து மாலத்தீவின்மீது படையெடுக்கத் திட்டமிட்டவர்தாம். ஆயினும், பத்தாண்டுகளுக்குப் பின் நாவைப் பயன்படுத்தும் வாய்ப்பு வந்தபோது அவர் மழுப்பவில்லை. தம் மார்க்கத்தவர், தம் உறவினர், தமக்கு விருந்தளித்தவர் என்று பாராமல் சாட்சி சொன்னார். உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது திருக்குர்ஆனின் 4:135ஆம் வசனம் நமக்கு இடும் கட்டளையன்றோ!

திருவரங்கத்தில் நாம் நிற்கும்போது

தில்லிப் படை 1323இல் வந்தபோது, திருவரங்கத்து வைணவர்கள் நம்பெருமாள் சிலையைச் சுமந்துகொண்டு ஊரைவிட்டு அகன்றனர் என அவர்களுடைய மரபு கூறுகிறது. விஜயநகரத் தளபதி கோபணர் 1371இல்தான் அதை மீண்டும் கொண்டுவந்து சேர்த்தார். இடைப்பட்ட 48 ஆண்டுகளின் துயரத்தை அக்கோயில் இன்றும் மறக்கவில்லை. குர்துபா பள்ளிவாசலுக்காகக் கலங்கும் நமக்கு, வழிபாட்டிடத்தை இழந்தவர்களின் வேதனை என்னவென்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நம் இழப்பை மட்டும் அழுது, பிறர் இழப்பை மறுப்பது நீதியாகாது.

அதேவேளை, அந்தச் சுல்தான்களின் செயலுக்கு இன்றைய திருச்சி முஸ்லிம்கள் பதில் சொல்லவேண்டும் என்போரின் வாதமும் நீதியாகாது. இம்மண்ணில் நம் வேர் அவர்களுடைய வாளால் ஊன்றப்பட்டதன்று. கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள கல்லுப்பள்ளி ஹிஜ்ரி 116இல், அதாவது கி.பி. 734இல் கட்டப்பட்டதாக நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். குர்துபா பள்ளிவாசலின் கட்டுமானம் தொடங்கியதே 785ஐ ஒட்டித்தான். நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் வருகையும் மதுரை சுல்தான்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பதே மரபு. வணிகரும் இறைநேசர்களும் ஊன்றிய வேர் நிலைத்தது. கழுமரம் நட்ட அரசு நாற்பது ஆண்டுகளில் மறைந்தது.

திருவரங்கம் கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கென்று ஒரு சந்நிதி உண்டு. அங்கே சிலை இல்லை, சுவரில் ஓவியமே உள்ளது. ரொட்டி படைக்கப்படுகிறது. பெருமாள்மீது அன்புகொண்ட ஒரு சுல்தானின் மகளைப் பற்றிய கதை அது. நம் அகீதாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால், படையெடுப்பின் காயத்தைச் சுமந்த மக்கள், அப்படையெடுத்தவர்களின் இனத்துப் பெண்ணொருத்திக்குத் தம் வீட்டுக்குள் இடமளித்த பெருந்தன்மையை நாம் உணராமல் இருக்கலாகாது.

கிரனடா செல்ல இயன்றவர்கள் செல்லட்டும். பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று எனப் பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. இயலாதவர்களுக்கு ஒரு நகரப் பேருந்தே போதும். கல்லுப்பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, நத்ஹர் வலி தர்காவில் ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் கப்ரைப் பார்த்துவிட்டு, காவிரிப் பாலம் கடந்து திருவரங்க மதில்களையும் அதற்கப்பால் கண்ணனூரையும் காணலாம். அரசுகள் எழுந்து வீழ்ந்த தடம் முழுவதும் ஒரே நாளில் கண்ணில் படும்.

அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை. அந்த ஏழு வயதுச் சிறுவனின் பெயர் வரலாற்றில் இல்லை. அவனைப் படைத்தவனிடம் இருக்கிறது. உண்மையை நமக்கெதிராகவும் சொல்லும் துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.