மருந்தின் ஐந்தாவது கூறு: எய்ட்ஸ் மருந்தும் அரசுப் பணமும்

'மருந்து' என்ற அதிகாரத்தைத் திருவள்ளுவர் முடிக்கும்போது வைத்தியத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து மருந்து கொடுப்பவர். நம் காலத்தில் இத்துடன் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது: அந்த மருந்துக்குப் பணம் கட்டுவது யார்? இந்தக் கேள்விக்கு நம் நாடு பதில் தேடிய கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு, நாம் பிழைக்க வந்த கொல்கத்தாவுக்கும் பங்கு உண்டு. கூச்சப்பட்டுப் பேசாமல் விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

சென்னையில் தெரிய வந்தது

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. "நம் நாட்டுக்கெல்லாம் இது வராது" என்று நினைத்துக் கொண்டிருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

1992-இல் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தடுப்புப் பணியைத் தொடங்கினார். அதில் ஈடுபட்ட பெண்களே 1995-இல் தூர்பார் என்ற சங்கத்தை அமைத்துக்கொண்டு பணியைத் தங்கள் கையில் எடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு அரசுப் பணம் பெரும்பாலும் தடுப்புக்கும் விளம்பரத்துக்கும்தான் போனது. ஏற்கனவே நோய் வந்துவிட்டவர்களுக்கு? தாம்பரம் சானடோரியம் போன்ற சில ஆஸ்பத்திரிகள் படுக்கை கொடுத்தன, காசநோய்க்கு மருந்து கொடுத்தன. அவ்வளவுதான்.

விலை என்னும் சுவர்

1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்தது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் ஒருவருக்கு ஓர் ஆண்டுச் செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல்! அன்றைய கணக்கில் மூன்றரை லட்சம் ரூபாய். கூலி வேலை செய்பவர் எங்கே போவார்?

2001-இல் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. இது எப்படி முடிந்தது? 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கவில்லை, செய்யும் முறைக்குத்தான் கொடுத்தது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய நம் கம்பெனிகளுக்கு வழி இருந்தது. அப்படியும் 350 டாலர் என்பது மாதம் ஆயிரத்து முன்னூறு ரூபாய்க்கு மேல். வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் நோய் இருந்தால் இரட்டிப்புச் செலவு. தாலியை அடகு வைத்து நாலு மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியவர்கள் உண்டு. இந்த மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி அதை எதிர்க்கப் பழகிவிடும். பிறகு அதே மருந்து வேலை செய்யாது. பாதி வாங்குவது சில சமயம் வாங்காததைவிடக் கேடு.

2004 ஏப்ரல் 1

2003 நவம்பர் 30-ஆம் தேதி, உலக எய்ட்ஸ் தினத்துக்கு முதல் நாள், சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அரசு ஆஸ்பத்திரிகளில் இம்மருந்து இலவசமாகத் தரப்படும் என்று அறிவித்தார். 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு ஆஸ்பத்திரிகளில் திட்டம் தொடங்கியது. தாம்பரம் அவற்றில் ஒன்று. கொல்கத்தா இல்லை. நோய் அதிகம் பரவிய ஆறு மாநிலங்களும் டெல்லியும்தான் முதல் பட்டியலில் இருந்தன.

பின்னர் திட்டம் விரிந்தபோது வாய்ப்பு வந்தது சென்ட்ரல் அவென்யூவில் உள்ள ஸ்கூல் ஆஃப் ட்ராபிகல் மெடிசினுக்கு. மெடிக்கல் காலேஜுக்குப் போகும்போது நாம் எத்தனையோ முறை கடந்து போயிருக்கும் பழைய கட்டடம்தான். 1921-இல் வெப்ப நாட்டு நோய்களை ஆராயத் திறக்கப்பட்ட இந்த இடம், பின்னர் கிழக்கிந்தியாவின் எய்ட்ஸ் சிகிச்சைக்குத் தலைமை மையங்களில் ஒன்றானது. தாம்பரத்தையும் இதையும் மத்திய அரசு ஒரே வரிசையில் உயர்சிறப்பு மையங்களாக வைத்தது.

கொல்கத்தாவில் ஒரு மனு

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. 2005 ஜனவரியிலிருந்து உலக வர்த்தக ஒப்பந்தப்படி மருந்துப் பொருளுக்கும் நம் நாடு காப்புரிமை தர வேண்டி வந்தது. கிளாக்சோ நிறுவனம் காம்பிவிர் என்ற மாத்திரைக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தது. 2006 மார்ச்சில் நோயாளிகளின் சங்கங்களே கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்தன. ஒன்று 1997-இல் சென்னையில் பிறந்த இந்திய நோயாளர் கூட்டமைப்பு, மற்றொன்று மணிப்பூரைச் சேர்ந்தது. அவர்கள் வாதம் எளிமையானது: இது புதுக் கண்டுபிடிப்பே இல்லை, ஏற்கனவே உள்ள இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையாக்கியதுதான். அந்த இரண்டில் ஒன்றான சிடோவுடின் 1964-இலேயே அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த புற்றுநோய் ஆராய்ச்சியில் உருவானது. 2006 ஆகஸ்டில் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

இலவச மருந்துக்கும் இந்த மனுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விலை ஏறினால் அதே அரசுப் பணத்தில் பத்துப் பேருக்குக் கிடைப்பது இரண்டு பேருக்குத்தான் கிடைக்கும்.

இன்னும் முடியாத கணக்கு

முதல் மருந்து வேலை செய்யாதவர்களுக்கான இரண்டாம் வரிசை மருந்து 2008-இல் தாம்பரத்திலும் மும்பையிலும் தொடங்கியது. முன்பு தனியாரிடம் மருந்து வாங்கியவர்களுக்கு அதில் தடை இருந்தது. கடன்பட்டு வாங்கியதே குற்றமாகிப் போனது! வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 2010-இல் எல்லோருக்கும் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. 2017-இல் நோய் தெரிந்த உடனே மருந்து என்ற கொள்கை வந்தது. அதே ஆண்டில் நிறைவேறிய எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்குவதைத் தடை செய்தது.

ஆரம்பத்தில் உலக நிதியம் போன்ற வெளிநாட்டு உதவியே பெரிதாக இருந்தது. பின்னாளில் நம் வரிப்பணமே பெரும்பங்கைத் தாங்கியது. இன்று பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இம்மருந்தில் வாழ்கிறார்கள். ஆனாலும் 2022-இல் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து நோயாளிகள் டெல்லியில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஒருமுறை கிடைத்த உரிமை தானாக நிலைக்காது என்பதற்கு இதுவே சாட்சி.

நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சிகிச்சை ஊரோடு கட்டுப்பட்டதல்ல. தாம்பரத்தில் தொடங்கியவர் முறையாக மாற்றிக்கொண்டு கொல்கத்தாவில் தொடரலாம். தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் மருந்தை விடுவதுதான் ஆபத்து. அந்த வரிசையில் நம்மவர் ஒருவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக் கொள்ளாமல், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். ஐந்தாவது கூறை அரசு பார்த்துக்கொள்ளட்டும். வள்ளுவர் சொன்ன நான்காவது கூறு, பக்கத்தில் இருப்பவர், அது நாமாகத்தான் இருக்க வேண்டும்.