இதை ஆர் ஆர் பாப்பினம்?

போன வருசம் எங்கட ஊரில், பருத்தித்துறையில், ஒரு அம்மம்மாவின் கதையை ஃபோனில் பதிவு செய்தோம். 1987ஆம் ஆண்டு, வடமராட்சியில் ஒப்பரேசன் லிபரேசன் நடந்த நாட்கள். இளம் பெடியளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, காலிக்குப் பக்கத்திலுள்ள பூசா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவவின் மகனும் அதில் ஒருவர். சொல்லிக்கொண்டு வந்தவ, இடையில் ஒரு பெயரையும் சொன்னா. தலையாட்டியாக நின்று மகனைக் காட்டிக்கொடுத்தவர் என்று அவ நினைக்கிற ஆளின் பெயர். அந்த ஆள் இப்போது உயிரோடு இல்லை. பிள்ளைகள் அதே ஒழுங்கையில்தான் இருக்கினம்.

பதிவை நிப்பாட்டினதும் கேட்டா: “பிள்ளை, இதை ஆர் ஆர் பாப்பினம்?”

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவே அந்த ஃபைல் கூகுள் றைவில் ஏறிவிட்டது. லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம், திருத்தலாம். லிங்க் கிடந்ததோ பதினெட்டுப் பேர் இருக்கிற ஒரு வட்ஸ்அப் குழுவில்.

ஏன் இப்படித் திறந்து வைத்தோம்? சோம்பல் ஒரு காரணம். மற்றக் காரணம் எங்கட வரலாறு என்று நினைக்கிறேன்.

ஆவணம் என்றதும் எங்களுக்கு 1981தான் ஞாபகம் வரும். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய வாசிகசாலையிலிருந்து வளர்ந்ததுதான் யாழ்ப்பாணப் பொது நூலகம். மே 31 இரவு அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. மூன்று வருசத்தில், 1984இல், எங்கட ஊர் ஹாட்லிக் கல்லூரியின் நூலகமும் எரிக்கப்பட்டது. 1981 தீயில் யாழ்ப்பாண வைபவமாலையே அழிந்துபோனது என்று இப்பவும் சிலர் சொல்லுவினம். அழியவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த நூலை 1879இலேயே பிறிற்றோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டுவிட்டார். தமிழ்ப் பதிப்புகளும் பல வீடுகளில் இருந்தன. எரிந்தது ஒரு பிரதி, தப்பியது நூல்.

பூட்டி வைத்தது போகும், பரவியது தப்பும். எங்கட தலைமுறைக்கு ஊட்டப்பட்ட பாடம் இது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகம் நிற்பதும் இதே பாடத்தின் மேல்தான். இன்றைக்கு அதில் ஒரு லட்சத்துக்கும் மேலான ஆவணங்கள் இருக்கு. அது இல்லாமல் என்னால் ஒரு அசைன்மென்ட் எழுத ஏலாது.

ஆனால் அச்சான புத்தகமும் அந்த அம்மம்மாவின் குரலும் ஒன்றில்லை. புத்தகம் எழுதினவர் ஊருக்கென்று எழுதினார். அவ எங்களுக்குச் சொன்னா.

இந்த இடத்தில் தேடி வாசித்ததுதான் பெல்ஃபாஸ்ட் கதை. வட அயர்லாந்துப் போரில் இரண்டு பக்கமும் நின்ற முன்னாள் போராளிகளை 2001 முதல் 2006 வரை பேட்டி கண்டு, ஒலிநாடாக்களை அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரியில் வைத்தார்கள். பேசியவர்களுக்குக் கொடுத்த வாக்கு: நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்கள் அனுமதி இல்லாமல் ஒருவரும் கேட்க முடியாது. நல்ல கொள்கை. ஆனால் கல்லூரிக்கும் திட்ட இயக்குநருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் ‘அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்றொரு வரி இருந்தது. பேசியவர்கள் கையெழுத்து வைத்த தாளில் அந்த வரி இல்லை! 1972இல் கொல்லப்பட்ட ஜீன் மக்கொன்வில் என்ற தாயின் வழக்குக்காக, 2011இல் வட அயர்லாந்துப் பொலிஸ் அமெரிக்க நீதிமன்றம் வழியாக நாடாக்களைக் கேட்டது. வழக்கு இழுபட்டு, 2013இல் ஒரு பகுதி கைமாறியது. 2014இல் ஜெரி அடம்ஸ் கைதாகி, நான்கு நாள் விசாரணைக்குப் பிறகு குற்றச்சாட்டு இல்லாமல் விடப்பட்டார். கடைசியில் கல்லூரி, விரும்பினால் நாடாக்களைத் திருப்பித் தாறோம் என்று பேசியவர்களுக்கு அறிவித்தது.

பத்துப் பிள்ளைகளின் தாயைக் கொன்றது ஆர் என்று கேட்பது பிழையா? இல்லை. ஆனால் பேசியவர்களிடம் முழு உண்மையைச் சொல்லியிருக்க வேணும். 1979இல் தற்காலிகம் என்று வந்து நிரந்தரமாகிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வாழ்ந்த எங்களுக்கு இது தூரத்துக் கதையும் இல்லை.

பிறகுதான் றைவைத் திருத்தினோம். லிங்க் மூடப்பட்டது. மூலப் பதிவைப் பார்க்க இரண்டு பேர் மட்டும். இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்புக் கட்டாயம். (பிரிட்டிஷ் நூலகத்துக்குள் 2023இல் திருடர் புகுந்து 600 ஜிபி அளவு தரவை எடுத்துக்கொண்டு போனபோது, அவர்கள் நுழைந்ததாகக் கருதப்படும் சேர்வரில் அந்தச் சரிபார்ப்பு இருக்கவில்லை.) இன்னொரு பிரதி கடவுச்சொல் போட்ட ஹாட் டிஸ்க்கில், வேறொரு வீட்டில். எல்லாரும் கேட்கக்கூடிய வெட்டிய பிரதி தனியாக.

இதெல்லாம் ஒரு பின்னேரத்து வேலை. கஷ்டம் அந்தப் பெயர்தான். மூலப் பதிவிலாவது அது இருக்கட்டும், ஐம்பது வருசத்துக்குப் பூட்டி வைப்பம் என்றான் நண்பன். வரலாறு படிக்கிறவளாக எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஐம்பது வருசத்துக்கு வாக்குக் கொடுக்க நாங்கள் ஆர்? பொஸ்டன் கல்லூரியாலேயே ஏலாமல் போனது.

அவவிடமே திரும்பிப் போனோம். நீதிமன்றம் கேட்டால் எங்களால் மறைக்க முடியாது என்பதையும் சொன்னோம். பதிவை முழுக்கக் கேட்டா. மகனின் பெயர் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தா. “என்ர குரல் கிடக்கட்டும். அவற்ற பேரை எடுத்துப் போடு. அந்தப் பிள்ளையளும் இஞ்சைதானே இருக்குதுகள்.”

மூலப் பதிவில் இருந்தே வெட்டினோம். நாற்பது விநாடியும் வராது. வெட்டிய இடத்தில் ‘பேசியவரின் விருப்பப்படி நீக்கப்பட்டது’ என்று எழுதி, திகதியும் போட்டேன். பிழை செய்தேனோ என்று இப்பவும் இடைக்கிடை தோன்றும்.